சைக்கிள் ஓடாத சைக்கிள் கடைக்காரர்

என் வயதுக்காரருக்காக இதை எழுதுகிறேன். ஐம்பதை நெருங்கி, முழங்காலை மடக்கும்போது ஒரு கறகறப்புக் கேட்டாலும் இன்னும் சைக்கிளை விடாமல் இருக்கிறவர்களுக்காக. மற்றவர்களும் வாசிக்கலாம், தடையில்லை. ஆனால் காற்றுப்போன சைக்கிளை மொட்டை வெய்யிலில் உருட்டிக்கொண்டு போகிற எரிச்சல் அவர்களுக்கு விளங்குமோ என்னவோ.

போன மாதம் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. நீர்வேலியில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் பின்சில்லில் ஏதோ குத்தி, ‘உஸ்’ என்று காற்று இறங்கிவிட்டது. பழக்கதோசத்தில் கிட்ட இருந்த சைக்கிள் கடைக்கு உருட்டினேன். அங்கே கடை இல்லை. மோட்டார் சைக்கிளை லீசிங்கில் கொடுக்கும் கொம்பனி ஒன்று கண்ணாடிக் கதவோடு நின்றது. சரி, வாழைக்குலைச் சந்தைக்கு முன்னால் இன்னொன்று இருந்ததே என்று அங்கே போனேன். அது பொரித்த கோழி விற்கும் கடையாகியிருந்தது. கோயிலடியில் இருந்த கடையின் பலகைக் கதவுகள் மட்டும் அப்படியே இருந்தன, பூட்டில் துரு. பக்கத்தில் மோட்டார் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த இளைஞனிடம் கேட்டேன்.

“சைக்கிளுக்கோ அன்ரி? நாங்கள் ஒட்டுப் போடுறேல்லை. உந்த வேலைக்கு இப்ப ஆக்கள் இல்லை.”

“இந்தக் கடை எப்ப பூட்டினது தம்பி?”

அந்தக் கதவை முதன்முதலாகக் காண்பவன்போல அவன் திரும்பிப் பார்த்தான். “தெரியேல்லை அன்ரி. நான் வந்த நாளிலை இருந்து பூட்டித்தான் கிடக்கு.”

எனக்கு வியப்பாக இருந்தது. அவன் வந்தவன், நான் அந்தத் தெருவால் நாள்தோறும் போய்வருகிறவள். எனக்கும் தெரியவில்லை. மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிள்ளைகள் ரியூசனுக்கு ஸ்கூட்டியில் போகத் தொடங்கினார்கள். ரியூப்பில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடாமல் புதிதாக மாற்றினார்கள். அந்தக் கடைக்காரர்களின் மகன்மார் வெளிநாடு போனார்கள். ஒவ்வொன்றும் தெரிந்த சங்கதிதான். எல்லாம் சேர்ந்து ஒரு தெருவின் சைக்கிள் கடைகளைத் துடைத்து எடுத்ததை மட்டும் நான் காணவில்லை.

இன்னும் ஒரு இடம் மிச்சமிருந்தது. எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த கடை. அதுவும் இப்போது இல்லை. முன்னறையில் கைபேசிக்கு றீலோட் செய்கிறார்கள். ஆனால் கடைக்காரர் பின்வளவில்தான் இருக்கிறார். ஒரு ஒட்டுப் போட்டுத் தரமாட்டேன் என்றா சொல்லுவார்? அங்கே உருட்டிக்கொண்டு போகும்போதுதான், சின்ன வயதில் ஒரு காலம் முழுக்க என் மண்டையைக் குடைந்த கேள்வி மறுபடி வந்து கூடவே நடந்தது. இந்த மனிதர் சைக்கிள் கடைக்காரர். ஏன் இவர் சைக்கிளே ஓடுவதில்லை?

*

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். சண்டைக் காலம். குடாநாட்டுக்குள் பெற்றோல் வராது, பற்றரி வராது, சவர்க்காரம் வராது. அம்மா பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்ப்பார். என் பள்ளிக்கூடச் சட்டையில் பனம்பழ வாசம் அடிக்கும். சிலநேரம் எறும்பும் ஏறும். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. பாதை பூட்டியதால் அந்த வருடம் அவர் வரவேயில்லை. வீட்டில் அம்மா, நான், தம்பி. அதே வளவில், நடுவேலிக்கு அப்பால், மற்ற வீட்டில் அப்பாவின் அக்கா, என் மாமி. புருசன் இல்லாதவர், எங்கள் வீட்டுக்குக் காவல் தான்தான் என்ற எண்ணம் அவருக்கு.

ஊரில் அப்போது ஓடியது சைக்கிள்தான். வாழைக்குலை சந்தைக்குப் போனதும் அதில், மாப்பிள்ளை தாலி கட்டப் போனதும் அதில், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில். அதனால் சைக்கிள் கடை எப்போதும் சனமாக இருக்கும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். ரயர் கிழிந்தால் இன்னொரு செத்த ரயரை வெட்டி உள்ளே வைத்து ஓடுவார்கள். அந்தச் சைக்கிள் வரும்போது ‘டொக், டொக்’ என்று கேட்கும். யார் வருகிறார் என்று பார்க்காமலே சொல்லலாம்.

பின்னேரம் செய்தி நேரம். கடைக்காரர் ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோவில் கொழுவுவார். பெடலைக் கையால் சுற்றச் சுற்ற றேடியோ கதைக்கும். சுற்றுகிற வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். “சுத்து, சுத்து” என்று எல்லாரும் கத்துவார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகள் போட்டி போட்டுச் சுற்றியிருக்கிறோம். உங்களில் எத்தனை பேர் சுற்றியிருப்பீர்கள்!

கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயதளவில் இருக்கும். நெடுத்து மெலிந்த மனிதர். சிரிப்பு வந்தால் வாயைப் புறங்கையால் பொத்துவார். உள்ளங்கையில் எப்போதும் எண்ணெய்க் கறுப்பு. எங்கே போனாலும் நடைதான். சைக்கிளைத் திருத்தி முடித்தால் தான் ஏறி ஓடிப் பார்க்கமாட்டார். “நீங்களே ஒருக்கா ஓடிப் பாருங்கோ” என்று உரியவர் கையில் கொடுத்துவிடுவார். பெரியவர்கள் அதை மெச்சினார்கள். “மற்றவன்ரை சைக்கிளிலை கால் வைக்கமாட்டான். அப்பிடி ஒரு மரியாதைக்காரன்” என்று தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. தன் சைக்கிளிலாவது ஏறலாம்தானே? விசாரித்துப் பார்த்தேன். பாண் கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “வாலிப வயசிலை சைக்கிளாலை ஒருத்தரை அடிச்சு விழுத்திப் போட்டான், அந்தப் பயம்” என்றார். மாமி, “சாத்திரி சொன்னவர். சில்லாலை கண்டமாம்” என்றார். அதிகம் பேர் நம்பியது நேத்திக் கதையை. கலியாணம் முடித்த புதிதில், ‘பிள்ளை ஒன்று தா, அதுவரைக்கும் சைக்கிளில் ஏறமாட்டேன்’ என்று அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாராம். பிள்ளை பிறக்கவில்லை. அதனால் அவர் இன்னும் ஏறவில்லை. அந்தக் கதையைச் சொல்லும்போது பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். மூன்று பதிலும் எனக்குப் பிடித்திருந்தன. மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது என்பதுதான் கரைச்சல்.

*

அந்த வருடம் பனம்பழம் விழுகிற காலத்தில் கடைக்காரரின் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று மானிப்பாய் ஆஸ்பத்திரியில் விட்டார்கள். வெட்டி எடுத்த பிறகும் உடம்பு தேறவில்லை. கிழமைக் கணக்காகப் படுத்திருக்க வேண்டியதாயிற்று. பஸ் இல்லை. கடைக்காரர் மத்தியானத்தோடு கடையைச் சாத்திவிட்டு, கஞ்சிப் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு, கோப்பாய், கொண்டாவில் தாண்டி மானிப்பாய்க்கு நடப்பார். வழியில் யாராவது கரியரில் ஏற்றினால் உண்டு. திரும்பி வரும்போது கால் வீங்கியிருக்கும். பாதி நாள் கடை பூட்டியிருந்ததால் சனம் மற்றக் கடைகளுக்குப் போகத் தொடங்கியது.

“கடை நிறையச் சைக்கிள் வைச்சுக்கொண்டு நடக்கிறான்” என்று ஊர் உச்சுக் கொட்டியது. “நேத்தி எண்டா நேத்திதான்” என்று மெச்சவும் செய்தது.

இதே நேரம் எங்கள் வீட்டில் இன்னொரு புதினம். மாமி கண்ணயரும் நேரம் பார்த்து அம்மா எங்கோ போய்வரத் தொடங்கினார். அம்மாவிடம் சொந்தமாக லேடீஸ் சைக்கிள் இருந்தது. கலியாணத்துக்கு முன்பே அண்ணன்மாரோடு ஓடிப் பழகியவர். அந்தச் சைக்கிளை எடுக்காமல் நடந்தே போவார். “சங்கக் கடைக்குப் போட்டு வாறன்” என்பார். வெறுங்கையோடு வருவார். மூச்சு வாங்கும். சேலைக் கரையெல்லாம் ஒட்டுப்புல். உள்ளங்கை சிவந்திருக்கும். சங்கக் கடையில் என்ன வாங்கினால் உள்ளங்கை சிவக்கும்?

ஒருநாள் பின்னால் போனேன். அம்மா வாழைத் தோட்டங்களுக்கு நடுவால் போய், பனங்கூடலைக் கடந்து, அப்பால் கைவிட்டுக் கிடந்த புகையிலை காயவைக்கிற வெளிக்குள் இறங்கினார். நான் ஒரு பனைக்குப் பின்னால் நின்றேன். முதலில் அம்மாவின் குரல்தான் கேட்டது. எங்களைப் பாடம் சொல்ல வைக்கிற அதே குரல்.

“சில்லைப் பாக்காதேங்கோ அண்ணை! முன்னுக்குப் பாருங்கோ! அந்த வடலியைப் பாருங்கோ!”

பிறகு கண்டேன். சைக்கிள் கடைக்காரர் சாரத்தைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஒரு லேடீஸ் சைக்கிளில் இருந்தார். ஹாண்டில் பாம்புபோல நெளிந்தது. அம்மா கரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். “உழக்குங்கோ, உழக்குங்கோ!” அவர் உழக்கினார். அம்மா எந்த வடலியைப் பார்க்கச் சொன்னாரோ அந்த வடலிப் பனைக்குள்ளேயே சைக்கிள் நேராகப் போய்ச் செருகியது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இருவரும் திரும்பினார்கள். கடைக்காரரின் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. களவு பிடிபட்டவனின் முகம் அல்ல அது. உடுப்பு மாற்றும்போது கதவைத் திறந்துவிட்டால் ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னார். பிறேக்குக் கட்டை மாற்றப் போன இடத்தில் கடைக்காரரின் வீங்கிய காலைக் கண்டு, “அம்மன் மன்னிப்பா அண்ணை, ஏறிப் போங்கோ” என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு அவர், “நேத்தி ஒண்டும் இல்லைத் தங்கச்சி. எனக்கு ஓடத் தெரியாது” என்றிருக்கிறார். சின்னப் பெடியனாய் வேறொரு கடையில் வேலைக்கு நின்றபோது சைக்கிளைத் தொட்டு ஓட முதலாளி விடவில்லையாம். பிறகு சொந்தக் கடை போட்ட பின் யாரிடம் கேட்பது? சமையல்காரன் ஒருவன் எனக்கு ருசி தெரியாது என்று சொல்லுவானா?

“இதை ஆருக்கும் சொல்லப்படாது” என்றார் அம்மா.

“ஏனம்மா?”

“ஓடத் தெரியாதவன்ரை கடைக்கு ஆர் சைக்கிள் கொண்டு போவினம்? கடை போனா அந்த மனிசியை எப்பிடிப் பாக்கிறது? அவர் நம்பிச் சொன்னவர். நான் சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்தனான்.”

நானும் சொல்லவில்லை. சொல்லுவதைவிட யோசிப்பதற்கு நிறைய இருந்தது. கோணலான சில்லை ஒவ்வொரு கம்பியாக இறுக்கி நேராக்குகிற மனிதர், அதே சில்லின் மேலே நேராக இருக்க முடியாமல் விழுகிறாரே, அது எப்படி?

*

நான் சொல்லாவிட்டாலும் ஊருக்குக் கண் இருந்தது. ஆட்டுக்குக் குழை வெட்டப் போன யாரோ, முதலில் கடைக்காரர் பனங்கூடலுக்குள் போவதையும் சற்றுப் பொறுத்து அம்மா போவதையும் கண்டிருக்கிறார். புருசன் கொழும்பில், மனைவி ஆஸ்பத்திரியில். மிச்சத்தை ஊர் தானே எழுதிக்கொண்டது. கிணற்றடியில் அம்மா வாளியோடு போனால் கதை நின்றுவிடும். ஒருநாள் மாமி எங்கள் குசினி வாசலில் வந்து நின்றார்.

“இஞ்சை பாரும் மச்சாள். நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லும். மத்தியானத்திலை எங்கை போறனீர்?”

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். “ஒரு உதவிக்குப் போறன்.”

“என்ன உதவி?”

“அதைச் சொல்லேலாது.”

“சொல்லேலாத உதவியோ? ஊர் என்ன கதைக்குது எண்டு தெரியுமோ உமக்கு? பாதை திறக்கட்டும். என்ரை தம்பி கொழும்பாலை வந்தவுடனை முதல் கதை இதுதான்.”

“வரட்டும் மச்சாள். அவர் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன்.”

மாமி தம்பியையும் என்னையும் கையில் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நாங்கள் அங்கேதான் சாப்பிட வேண்டும் என்பது கட்டளை. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அம்மா தனியாக இருந்து சாப்பிடுவது தெரியும். ஒரு சொல் போதும், அம்மா சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அம்மா சொல்லவில்லை. மத்தியானமானால் வழக்கம்போலப் படலையைத் திறந்துகொண்டு போனார். இப்போது மறைந்தும் போகவில்லை. மாமி பார்க்கப் பார்க்கப் போனார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு பின்னேரம். கடையடியில் செய்திக்குக் கூடியிருந்தார்கள். மாமியின் கண்ணில் படாமல் நானும் அங்கே ஓடிப் போயிருந்தேன். கடைக்காரர்தான் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். செய்தி பாதியில் போகும்போது பாண் கடைக்காரர் வாங்கில் இருந்தபடி சொன்னார்:

“என்னப்பா, இப்ப மானிப்பாய்க்குப் பாதை பனங்கூடலுக்குள்ளாலையோ போகுது? நல்ல நிழல் போலை.”

சிலர் சிரித்தார்கள். கடைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவரும் சிரிக்கத்தான் வாயைப் பொத்தப் போனார். பிறகு கை பாதியில் நின்றது. ஊரில் என்ன கதை நடக்கிறது என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் சுற்றுவதை நிறுத்தினார். செய்தி வாசித்தவரின் குரல் இழுபட்டு இறங்கிச் செத்தது.

“சுத்தும் காணும்! செய்தி போகுது!” என்று தபால் கந்தோர்க்காரர் கத்தினார்.

கடைக்காரர் வயரைக் கழற்றினார். கவிழ்த்திருந்த சைக்கிளைத் தூக்கி நிமிர்த்தினார். தெருவுக்கு உருட்டிக்கொண்டு வந்து, சாரத்தை மடித்துக் கட்டி, ஏறினார். விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை, என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. மறுபடி ஏறினார். இந்தமுறை சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்து, மற்றப் பக்கம் சாய்ந்து, எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. செய்தி கேட்க வந்த கூட்டம் முழுக்கப் பின்னால் ஓடியது. நான் எல்லாருக்கும் முன்னால் ஓடினேன்.

எங்கள் படலையடியில் அவர் நிற்க நினைத்தார். சைக்கிள் நிற்கவில்லை. கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு மாமியின் முற்றத்துக்குள் போய் விழுந்தது. மாமி விளக்குமாறோடு வெளியே வந்தார்.

கடைக்காரர் எழும்பினார். முழங்கையில் இரத்தம். “அக்கா, எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. தங்கச்சிதான் பழக்கினவ. மானிப்பாய்க்குப் போய்வரத்தான். வேறை ஒண்டும் இல்லை. இப்ப எல்லாரும் பாத்திட்டினம்தானே.”

அதற்குள் அம்மா ஓடிவந்துவிட்டார். சனத்தைப் பார்க்கவில்லை, மாமியைப் பார்க்கவில்லை. நேரே அவரிடம் போய்க் கோபமாகக் கேட்டார்:

“ஏன் அண்ணை பிறேக் பிடிக்கேல்லை?”

“பிறேக் நாளைக்குத்தான் பழக்கிறன் எண்டு சொன்னனீங்கள் தங்கச்சி.”

முதலில் சிரித்தது தபால் கந்தோர்க்காரர். பிறகு ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. மாமி சிரிக்கவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, “இவ்வளவு நாளும் ஓடத் தெரியாமலோ கடை வைச்சிருந்தனீர்?” என்றார். “ஓம் அக்கா” என்றார் அவர். மாமி உள்ளே போய் மஞ்சளும் பழந்துணியும் கொண்டு வந்து முழங்கைக்குக் கட்டிவிட்டார். அம்மாவிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எங்களை வீட்டுக்கு அனுப்பினார். அவ்வளவுதான் அவருடைய மன்னிப்பு.

*

அம்மா பயந்தது ஓரளவு நடந்தது. கடைக்காரருக்கு ‘நேத்தியர்’ என்று பட்டம் விழுந்தது. சில ஆண்கள் தங்கள் சைக்கிளை வேறு கடைக்குக் கொண்டு போனார்கள். ஆனால் யாரும் நினைக்காத ஒன்றும் நடந்தது. ஊரில் ஓடத் தெரியாத பெரிய மனிதர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. முக்கியமாக எங்கள் தாய்மார் வயதுப் பெண்கள். யாரும் ஏற்றிப் போகாவிட்டால் வீட்டோடு கிடந்தவர்கள். ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து, காற்றடிக்க வந்ததுபோல நின்று, மெல்லக் கேட்டார்கள். கடைக்காரர் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கினார். கோயில் வெளிவீதியில், நல்ல வெளிச்சத்தில், அம்மா கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கடைசியாக மாமியும் வந்தார். “மச்சாள், சில்லைப் பாக்கிறதோ, முன்னுக்குப் பாக்கிறதோ?” என்று கேட்டார். ஓடப் பழகியவர்கள் எல்லாரும் பிறகு அந்தக் கடைக்குத்தான் சைக்கிள் கொண்டு வந்தார்கள்.

ஒரே ஒரு சங்கதிதான் எனக்குச் சரியாக விளங்கவில்லை. கடைக்காரர் முதன்முதல் மானிப்பாய்க்குச் சைக்கிளில் போய்வந்து, எங்கள் படலையில் நின்று அம்மாவிடம் சொன்னார்:

“ஆஸ்பத்திரி யன்னலுக்குள்ளாலை நான் சைக்கிளிலை வாறதைக் கண்டிட்டு அவ விக்கி விக்கி அழுதா தங்கச்சி. நான் நேத்தியை முறிச்சுப் போட்டனெண்டு. நேத்தியே இல்லையெண்டு சொல்லவும் இன்னும் கூட அழுதா. இவ்வளவு வருசமும் அவவை ஏமாத்திப் போட்டன்.”

அவர் முகம் செத்துப் போயிருந்தது. சில கிழமை கழித்து கடைக்காரரின் மனைவி, அந்த அன்ரி, சுகமாகி வீட்டுக்கு வந்தார். நாங்கள் பார்க்கப் போனபோது நன்றாகச் சிரித்துக் கதைத்தார். பொய் சொன்ன புருசனோடு கோபித்த மாதிரியே இல்லை.

*

போன மாதம் காற்றுப்போன சைக்கிளோடு நான் அந்த வளவுக்குள் போனபோது அன்ரிதான் இருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். “அவர் கோயிலுக்குப் போட்டார், சைக்கிளிலை. இப்ப வந்திடுவார். உதை உந்த மாமரத்திலை சாத்திப் போட்டு இரு பிள்ளை” என்று சொல்லி, பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தார். கடையை எப்போது பூட்டினீர்கள் என்று கேட்டேன்.

“பூட்டினதெண்டு இல்லைப் பிள்ளை. ஒருநாள் அவருக்குக் காய்ச்சல், திறக்கேல்லை. ஆரும் வந்து கேக்கேல்லை. மற்ற நாளும் திறக்கேல்லை. அதுக்கும் ஆரும் கேக்கேல்லை. பேந்து ஒரு பெடியன் வந்து முன்னறையை வாடகைக்குத் தாறியளோ எண்டு கேட்டான்.”

முன்னறையில் யாருடைய கைபேசியோ அடித்து ஓய்ந்தது. எனக்கு அப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கமாட்டேன் என்று பட்டது.

“அன்ரி, அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை ஏன் அப்பிடி அழுதனீங்கள்?”

அவர் படலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கதிரையை என் கிட்ட இழுத்தார்.

“கலியாணம் முடிச்ச மாசம் என்ரை அண்ணை தன்ரை சைக்கிளைக் குடுத்து, ரெண்டு பேரும் கோயிலுக்குப் போட்டு வாங்கோ எண்டவர். இவர் ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டு வேர்த்துப் போய் நிண்டார். எனக்கு விளங்கிட்டுது, இந்த மனிசனுக்கு ஓடத் தெரியாது. நான் உடனை, எனக்கு நடக்க விருப்பம் எண்டு சொல்லி நடத்திக் கூட்டிக்கொண்டு போனன். பேந்து அம்மாவுக்குச் சொன்னன், இவர் பிள்ளைக்கு நேத்தி வைச்சிருக்கிறார் எண்டு. அம்மா ஊருக்குச் சொன்னா. கடையிலை ஆரோ இவரிட்டையே கேட்டிருக்கினம், நேத்தியாமே எண்டு. இவர் அதைப் பிடிச்சுக்கொண்டார். பின்னேரம் வந்து, ‘இஞ்சை, உமக்கு ஒண்டு சொல்லவேணும், எனக்கு ஒரு நேத்தி இருக்கு’ எண்டு என்ரை கதையை எனக்கே சொன்னார். நானும் முதல்முறை கேக்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டு இருந்தன்.”

நான் சிரிக்கத் தொடங்கினேன். அவர் சிரிக்கவில்லை.

“பேந்து பிள்ளை பிறக்கேல்லை. அம்மன்ரை பேரிலை பொய் சொன்னனான். அதுக்குத்தான் அம்மன் தரேல்லை எண்டு எத்தினை வருசம் உள்ளுக்குள்ளை கிடந்து வெந்தனான் தெரியுமோ. உண்மையைச் சொன்னா இவரின்ரை மானம் போகும், கடை போகும். சொல்லாட்டி அந்தப் பொய் அப்பிடியே இருக்கும். அண்டைக்கு யன்னலுக்குள்ளாலை பாக்கிறன், இவர் ஆடி ஆடிச் சைக்கிளிலை வாறார். என்ரை பொய் முடிஞ்சுது. இனி அம்மனிட்டை ஒளிக்க ஒண்டும் இல்லை. அதுதான் அழுதனான். இவர் வேறை மாதிரி நினைச்சிட்டார்.”

“நீங்கள் சொல்லேல்லையோ?”

“என்னெண்டு சொல்லுறது? ஓடத் தெரியாதெண்டு மறைச்ச பாரம் ஒருபக்கம். அது மனிசிக்கு முதல் நாளே தெரியும் எண்டா அந்த மனிசன் தாங்குமோ?”

படலை திறந்தது. கடைக்காரர் ஓடிக்கொண்டே உள்ளே வந்து, பிறேக் பிடித்து இறங்கினார். எண்பது வயது. நெற்றியில் திருநீறு. மாமரத்தடியில் சாத்தியிருந்த என் சைக்கிளைக் குனிந்து பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“என்ன, ரெண்டு பேரும் இரகசியம்?”

“உங்கடை நேத்தியைப் பற்றித்தான் பிள்ளை கேக்குது” என்றார் அன்ரி.

அவர் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “உதை இன்னும் ஆரும் மறக்கேல்லையோ! உவவுக்கு நான் சொன்ன ஒரே ஒரு பொய் அதுதான் பிள்ளை. பாவம், அப்பிடியே நம்பிப் போட்டா.”

“ஓம்” என்றார் அன்ரி, என் கையில் இருந்த வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டே. “நான் ஒரு விசரி. நம்பிப் போட்டன்.”